குரோமோசோம் நிலையின்மை: புற்றுத் திசுவில் கண்டறியும் முறைகளின் வரலாறு

உயிரணு பிரியும்போதெல்லாம் குரோமோசோம்கள் முழுதாகவோ துண்டாகவோ கூடியும் குறைந்தும் இடம் மாறியும் வரும் நிலை குரோமோசோம் நிலையின்மை எனப்படுகிறது. எண்ணிக்கை பிறழ்ந்திருப்பது வேறு, பிறழ்ந்துகொண்டே இருப்பது வேறு. 46க்குப் பதில் 47 குரோமோசோம்களைப் பெற்று அப்படியே நிலைத்துவிட்ட கட்டிகளும் உண்டு. இந்த வேறுபாட்டைத் திசுவில் காண்பதுதான் கடினம். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வாசி ஒருவரின் இரைப்பைக் கட்டி பக்கத்து ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனையில் அகற்றப்பட்டாலும், உலகின் வேறெந்த மருத்துவமனையில் அகற்றப்பட்டாலும், அது ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்து, மெல்லிய சீவல்களாகவே ஆய்வகத்துக்கு வருகிறது. அதில் எந்த உயிரணுவும் இனிப் பிரியாது. நின்றுபோன ஒரு கணத்தை வைத்து மாற்றத்தின் வேகத்தைக் கணிக்கும் முயற்சியாகவே இம்முறைகள் வளர்ந்தன.

முதற்கருவி நுண்ணோக்கி. 1890இல் ஜெர்மானிய நோய்க்கூற்றியலாளர் டேவிட் ஃபான் ஹன்சமான், புற்று உயிரணுக்கள் சமமின்றிப் பிரிவதைக் கண்டு எழுதினார். கடல் முள்ளெலி முட்டைகளில் ஆய்வு செய்த தியோடர் பொவேரி, குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்படுவதே புற்றின் தோற்றுவாயாக இருக்கலாம் என்று 1914இல் வாதிட்டார். இரு முனைகளுக்கும் நடுவே பாலம்போல் இழுபடும் குரோமோசோம்களையும் பின்தங்கி நிற்பவற்றையும் வழக்கமான சாயமேற்றிய சீவலிலேயே இன்றும் எண்ணலாம். செலவு மிகக் குறைவு; பிழை நடக்கும் தருணத்தையே நேரில் காட்டுவது. புதிய கருவிகளின் மினுமினுப்பில் தகுதிக்குக் குறைவாக மதிக்கப்படும் முறை இது.

குரோமோசோம்களை ஒவ்வொன்றாகத் துல்லியமாக எண்ணுவதற்கு 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உப்புச் செறிவு குறைந்த நீரில் உயிரணுவை உப்ப வைத்தால் குரோமோசோம்கள் விலகிப் பரவும் என்பதை டி. சி. சூ 1952இல் அறிவித்தார். ஆய்வகத்தில் கரைசல் தவறாகக் கலக்கப்பட்டதால் கிடைத்த பேறு அது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் ஸ்வீடனில் இந்த உத்தியைக் கையாண்டு, மனிதக் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று 1956இல் நிறுவினர். 1960இல் பிலடெல்பியா குரோமோசோம் கண்டறியப்பட்டது. 1970 வாக்கில் பட்டை நிறமேற்றம் வந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் உயிருள்ள, பிரிந்துகொண்டிருக்கும் உயிரணு தேவை. இரத்தப் புற்றில் அது எளிதாகக் கிடைக்கும். இரைப்பை, குடல், மார்பகக் கட்டிகளோ வளர்ப்பு ஊடகத்தில் எளிதில் வளர்வதில்லை. இரத்தப் புற்றின் குரோமோசோம் அறிவு பல பத்தாண்டுகள் முந்திச் சென்றதற்கு இது முக்கியக் காரணம்.

மெழுகில் பதித்த கட்டிகளுக்கு வழி திறந்தது 1983இல். டேவிட் ஹெட்லியும் உடன் ஆய்வாளர்களும் மெழுகை நீக்கி, உட்கருக்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் டிஎன்ஏ அளவையும் பாய்வு அளவியால் அளந்தனர். மொத்த அளவு தெரிந்தது. எந்தக் குரோமோசோம் என்பது தெரியவில்லை. அக்குறையை ஃபிஷ் என ஆய்வகங்களில் வழங்கும் ஒளிர்வு முறை தீர்த்தது. குறிப்பிட்ட குரோமோசோமில் ஒட்டும் ஒளிரும் டிஎன்ஏ துண்டுகளைச் செலுத்தி, ஒவ்வோர் உட்கருவிலும் புள்ளிகளை எண்ணுவார்கள். உயிரணு பிரியாத நிலையிலும் இது சாத்தியம்.

ஃபிஷ் முறையைக் கொண்டே 1997இல் கிறிஸ்டோஃப் லெங்காவர், கென்னத் கின்ஸ்லர், பெர்ட் ஃபோகல்ஸ்டைன் ஆகியோர் வேகத்தை முதன்முறையாகத் தெளிவாக அளந்தனர். பெருங்குடற்புற்றின் ஒற்றை உயிரணுவிலிருந்து ஒரு வழித்தோன்றல் கூட்டத்தை வளர்த்து, அதற்குள் எழும் வேறுபாட்டை எண்ணினர். நிலையற்ற வகைகளில் ஒவ்வொரு குரோமோசோமும் தலைமுறைக்கு நூற்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட வீதத்தில் கூடியது அல்லது குறைந்தது. சீவலில் இந்தத் துல்லியம் வராது. நான்கைந்து மைக்ரான் தடிமனில் கத்தி உட்கருவையே வெட்டிவிடுவதால், இருக்கும் குரோமோசோமும் இல்லாததுபோல் தோன்றும். சீவலில் உயிரணுவுக்கு உயிரணு காணும் வேறுபாட்டைப் படிக்கும்போது, அதே சீவலின் இயல்பான உயிரணுக்களை ஒப்பிட்டுக் கழித்துக்கொள்வது அவசியம்.

1992இல் வந்த ஒப்பீட்டு மரபணுத்தொகுதிக் கலப்பு முறையும், பின்னர் அதன் சில்லு வடிவமும், முழுத் தொகுதியிலும் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று ஒரே சோதனையில் காட்டின. சிங்கப்பூரின் பங்கு இங்கே குறிப்பிடத்தக்கது. டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் பேட்ரிக் டான் குழுவினர் 193 இரைப்பைக் கட்டிகளையும் 40 உயிரணு வளர்ப்புகளையும் சில்லுகளில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். எஃப்ஜிஎஃப்ஆர்2, கேராஸ், இஆர்பிபி2, இஜிஎஃப்ஆர், மெட் ஆகிய ஐந்து மரபணுக்களின் பெருக்கம் பெரும்பாலும் ஒன்றிருக்கும் கட்டியில் மற்றொன்று இராத வகையில் அமைந்திருந்தது. மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள், இரைப்பைப் புற்றை மரபணுச் செயற்பாட்டின்படி மூன்றாகப் பிரித்து, அவற்றுள் பெருகும் வகையில் நிலையின்மை மிகுதி என்று காட்டினர். 2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டம் 295 இரைப்பைக் கட்டிகளை நான்காக வகுத்தபோது, ஏறத்தாழ பாதி குரோமோசோம் நிலையின்மை வகையில் விழுந்தன. எனினும் சில்லு தருவது பல இலட்சம் உயிரணுக்களின் சராசரி. ஒவ்வோர் உயிரணுவும் வெவ்வேறு விதமாகப் பிறழ்ந்திருந்தால் சராசரி சமமாகவே தெரியக்கூடும். அதாவது, நிலையின்மை மிகுந்த கட்டி அமைதியான கட்டியாக வேடமிடும்.

அந்த வேடத்தைக் கலைக்க ஒற்றை உயிரணு வரிசையாக்கம் வந்தது. நிக்கலஸ் நவினும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் மார்பகக் கட்டிகளில் இதைச் செய்துகாட்டினர். பிரிவின்போது தனித்துச் சிக்கும் குரோமோசோம் ஒரு நுண்ணுட்கருவுக்குள் அடைபட்டு நொறுங்கக்கூடும் என்பதை, பாஸ்டனில் டேவிட் பெல்மன் ஆய்வகத்திலிருந்த கேரன் கிராஸ்டா 2012இல் வெளியிட்டார். பின்னர் அவர் ஆய்வைச் சிங்கப்பூரில் தொடர்ந்தார். நுண்ணுட்கரு பற்றிய இக்கண்டுபிடிப்பால் சீவலில் அவற்றை எண்ணும் பழைய முறைக்கும் புதிய பொருள் கிடைத்தது. 2022இல் இரு குழுக்கள் ஆயிரக்கணக்கான கட்டிகளின் தரவிலிருந்து நிலையின்மையின் தனித்தனி வடுக்களை வகைப்படுத்தின. எந்தப் பழுது எந்த வடுவை விடுகிறது என்பதே அவற்றின் கேள்வி.

சிகிச்சையைத் தீர்மானிக்கும் அளவுக்கு இன்று வந்திருப்பது இவ்வகையில் முக்கியமாக ஒன்றுதான்: சூற்பைப் புற்றில் டிஎன்ஏ பழுதுநீக்கக் குறைபாட்டின் வடுக்களைக் கூட்டிப் பெறும் மதிப்பெண். 42ஐ எட்டினால் பார்ப் என்னும் டிஎன்ஏ பழுதுநீக்க நொதியைத் தடுக்கும் மருந்து பலன் தர வாய்ப்பு அதிகம் எனக் கொள்ளப்படுகிறது. மற்றப் புற்றுகளுக்கு எல்லா ஆய்வகங்களும் ஏற்ற பொது அளவுகோல் எதுவும் இல்லை.