மீன்கள் கேட்ட மறையுரை

பதுவைப் பதியராம் புனித அந்தோணியார் (1195–1231), ரிமினி நகரில் செவிமடுப்பார் இன்மையால் நீர்க்கரை சென்று மீன்களுக்கு மறையுரையாற்றினார் என்பது மரபு. அதைக் கண்ட மக்கள் மனம் மாறினர் என அம்மரபு முடிகிறது.

17-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் புகழ்பெற்ற அகுஸ்தீன் சபைப் போதகர் ஆபிரகாம் அ சாங்க்டா கிளாரா, இம்முடிவை நகைச்சுவையாகத் திருப்பிப் போட்டார். அவர்வழி வந்த ஜெர்மானியப் பாடலுக்குக் குஸ்தாவ் மாலர் 1893-இல் இசையமைத்தார். மீன்கள் உரையை மெச்சிக் கேட்கின்றன; முடிந்ததும் திருட்டு மீன் திருட்டுக்கும், பெருந்தீனிக் கெண்டை தீனிக்கும் திரும்புகின்றன; நண்டு பின்னோக்கியே நடக்கிறது. இசையோ நீரோட்டம்போல் வளைந்து நெளிந்து, எதனாலும் நில்லாது ஓடுகிறது.

இதைக் கார்ட்டூன் படமாக்குவது எளிதன்று. திரையில் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினும், நான்கு நிமிடப் பாடலுக்கு 2,880 ஓவியங்கள் வேண்டும். வரைந்தவற்றையே மீண்டும் சுழலவிடுவது உழைப்பைக் குறைக்க ஓவியர்கள் கண்ட பழைய உத்தி. இப்பாடலிலோ அவ்வுத்தியே பொருளாகிவிடும்: வந்தபோது வரைந்த மீன்களையே போகும்போதும் காட்டினால் போதும், ஒரு கோடும் மாற வேண்டியதில்லை. காண்போர் சிரிப்பர்.

ஞாயிறுதோறும் மறையுரையாற்றும் நாமும் சிரிக்கிறோம், மக்களை அம்மீன்களாக எண்ணி. ஆனால் நம் உரையை முதலில் கேட்பவை நம் செவிகளே அல்லவா? பீடத்திலிருந்து இறங்கும் நாம், ஏறியபோது வரைந்த அதே ஓவியம்தானோ?