மேகக் கணிமை: கடைக் கணக்கை எங்கே வைப்பது, சாவியை யாரிடம் கொடுப்பது?

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். வீடுகளோடு கடைகளும் பட்டறைகளும் நீருக்குள் போயின. மேசை, நாற்காலி, சரக்கு போனால் சிரமப்பட்டாவது மறுபடி வாங்கிவிடலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணினியும் அதோடு போனால்? யார் எவ்வளவு பாக்கி, யாரிடம் முன்பணம் வாங்கினோம், வரிக்கு என்ன கணக்கு காட்டினோம் என்பதெல்லாம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, வணிகம் செய்பவர் தம் கணக்குகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 7 ஆண்டு என்பது ஒரு சாதாரணக் கணினியின் ஆயுளைவிட நீளம். ஆகவே, "கணக்கை எங்கே வைப்பது?" என்ற கேள்வி பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. மளிகைக் கடை, வாழையிலை உணவகம், பூக்கடை, டியூஷன் மையம், இரண்டு லோரி வைத்து ஓட்டும் தொழில் எல்லாவற்றுக்கும் உரியது. அதற்கு இன்று பலரும் சொல்லும் விடைதான் மேகக் கணிமை.

மேகம் என்றால் என்ன?

பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டாம். மேகம் என்று சொல்லப்படுவது தரையில் கட்டப்பட்ட பெரிய கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள், அவற்றைக் குளிர்விக்கும் இயந்திரங்கள், மின்தடை வந்தால் கைகொடுக்கும் ஜெனரேட்டர்கள், இரவும் பகலும் காவல். இதைத் தரவு மையம் என்கிறோம். அந்தக் கணினிகளில் ஒரு பகுதியை நாம் இணையத்தின் வழியாக வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துகிறோம். அவ்வளவுதான்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் சொந்த ஜெனரேட்டர் ஓடியது. மாலையில் விளக்கு எரியும், இரவு குறிப்பிட்ட நேரத்தில் அணைந்துவிடும். ஜெனரேட்டர் பழுதானால் லயம் முழுக்க இருட்டு. பிறகு தேசிய மின்சாரக் கம்பி வந்தது. மின்சாரத்தை உற்பத்தி செய்யும் கவலை நம்மைவிட்டுப் போனது. மீட்டர் காட்டியபடி மாதக் கட்டணம் செலுத்தினால் போதும். சொந்தக் கணினியில் எல்லாவற்றையும் வைத்திருப்பது தோட்டத்து ஜெனரேட்டர் மாதிரி. மேகக் கணிமை தேசிய மின்கம்பி மாதிரி.

உண்மையில் நாம் பலரும் இதை ஏற்கெனவே பயன்படுத்துகிறோம். ஜிமெயில் மின்னஞ்சல் கூகள் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. புதிய கைப்பேசி வாங்கியதும் பழைய வாட்ஸ்அப் உரையாடல்கள் திரும்பி வருவதும், பல நேரங்களில் முன்பே மேகத்தில் ஏற்றப்பட்ட நகலிலிருந்துதான்.

நம் வாசலுக்கே வந்த தரவு மையங்கள்

கணினித் திறனை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம் என்ற இந்த வணிகம் பரவலானது 2006இல். அமேசான் நிறுவனம் தன் சேமிப்புச் சேவையையும் கணினி வாடகைச் சேவையையும் அந்த ஆண்டில் தொடங்கியது. 2010இல் அது சிங்கப்பூருக்கு வந்தது. மலேசியாவில் அமேசானின் மேக வட்டாரம் 2024 ஆகஸ்டிலும், மைக்ரோசாஃப்டின் மேக வட்டாரம் 2025 மே மாதத்திலும் திறக்கப்பட்டன. ரப்பருக்கும் செம்பனைக்கும் பெயர் பெற்ற ஜொகூரின் கூலாய், செடெனாக் பகுதிகளில் இன்று தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன.

நமக்கு இதனால் என்ன? உள்நாட்டில் வைக்கப்படும் தரவு விரைவாக வந்து சேரும். வாடிக்கையாளர் விவரங்கள் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைத்திருக்கிறது. ஆனால், நீங்கள் வாங்கும் செயலி எந்த நாட்டு மையத்தில் தரவை வைக்கிறது என்பதை விற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வகை: கல்யாண மண்டபக் கணக்கு

மேகச் சேவைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

முதல் வகை, காலி இடத்தை வாடகைக்கு எடுத்து, பந்தல், மேடை, சமையல் எல்லாம் நாமே பார்த்துக்கொள்வது. கணினியை மட்டும் வாடகைக்கு எடுத்து, அதில் ஓடும் மென்பொருளை நாமே நிறுவிப் பராமரிப்பது இந்த வகை. கணினி வல்லுநர் இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் இது சரிப்படும்.

இரண்டாவது, மண்டபமும் அடுப்பும் பாத்திரமும் அவர்களுடையது, சமையல் நம்முடையது. சொந்தமாகச் செயலி எழுதுபவர்கள் இதைப் பயன்படுத்துவார்கள்.

மூன்றாவது, மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாம் ஒரே கட்டணத்தில். நாம் விருந்தினரை அழைத்துக்கொண்டு போனால் போதும். கணக்குச் செயலி, கல்லா முறைமை, சம்பளக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவை இந்த வகை. சிறு வணிகர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது இது ஒன்றுதான். முதல் வகையை யாராவது உங்கள் கடைக்கு விற்க வந்தால், ஏன் தேவை என்று இரண்டு முறை கேளுங்கள்.

கடைக்கு என்ன பயன்?

கிள்ளானில் ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சிரம்பானில் அதற்கு ஒரு கிளை. முன்பெல்லாம் இரவு கடை மூடியதும் கிளையிலிருந்து தொலைபேசியில் விற்பனைக் கணக்கைச் சொல்வார்கள், இங்கே எழுதிக்கொள்வார்கள். கல்லா முறைமை மேகத்தில் இருந்தால், அங்கே விற்ற புடவை அந்த நிமிடமே இங்கே இருப்பிலிருந்து கழிந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூடுதலாக இரண்டு கல்லா வேண்டுமென்றால், பல சேவைகளில் அந்த மாதத்துக்கு மட்டும் கூட்டிக்கொண்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும் கணினியை வாங்கிப் போட வேண்டியதில்லை.

இ-இன்வாய்ஸ் எனும் மின் விலைப்பட்டியலும் வணிகர்களை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. உள்நாட்டு வருமான வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2025 ஜனவரி 1இல் 2.5 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்டவர்கள், ஜூலை 1இல் 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்பட்டவர்கள் என்று படிப்படியாக இது கீழே வந்தது. சிறு வணிகர்களுக்கான விலக்கு வரம்பு மாற்றப்பட்டு வந்திருப்பதால், உங்கள் விற்பனைக்கு எது பொருந்தும் என்பதை வாரியத்தின் அகப்பக்கத்திலோ உங்கள் கணக்காளரிடமோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம். ஒரு நாளைக்குச் சில பட்டியல் மட்டும் எழுதும் தொழிலுக்கு அதுவே போதும். நூற்றுக்கணக்கில் எழுதுபவர்களுக்குத்தான் அந்தத் தளத்தோடு நேரடியாக இணையும் கணக்குச் செயலி வேலையைக் குறைக்கும்.

செலவு: மாதக் கட்டணம் சிறிதாகத்தான் தெரியும்

ஓர் ஆளுக்கு மாதம் 30 ரிங்கிட் என்றால் பெரிதாகத் தெரியாது. 4 பேர் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 1,440 ரிங்கிட். 5 ஆண்டுக்கு 7,200 ரிங்கிட். வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அதைச் சேர்த்தால் மேற்சொன்ன 1,440 ரிங்கிட் 1,555 ரிங்கிட்டைத் தாண்டும். கட்டணம் அமெரிக்க டாலரில் என்றால், ரிங்கிட் மதிப்பு இறங்கும்போது உங்கள் பில் ஏறும்.

மறுபக்கமும் உண்டு. சொந்தக் கணினிக்கு வாங்கும் விலை, பழுதுபார்ப்பு, மின்சாரம், சில ஆண்டில் மாற்ற வேண்டிய செலவு என்று பல இருக்கின்றன. இரண்டையும் 5 ஆண்டுக்குத் தாளில் எழுதி ஒப்பிட்டால் உங்கள் தொழிலுக்கு எது லாபம் என்பது தெரிந்துவிடும்.

மேகத்தில் வைத்தால் போகவே போகாதா?

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்த்ராஸ்பூர் நகரில், ஓவிஎச் என்ற மேக நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் எரிந்தது. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டு வந்தார்கள். வைக்காதவர்களில் பலர் தங்கள் தரவை நிரந்தரமாக இழந்தார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் சொன்ன பாடத்தை அங்கே நெருப்பு சொன்னது: ஒரே இடத்தில் வைத்தது ஒரே நாளில் போகும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு. ஒத்திசைவில் கடைக் கணினியில் ஒரு கோப்பை அழித்தால் மேகத்திலும் அழியும். கூகள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அதன் பிறகு தானாகவே நீங்கிவிடும். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் தீய நிரல் கணினியில் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்பே மேகத்துக்கும் ஏறிவிடும்.

இதற்குக் கணினித் துறையினர் சொல்லும் 3-2-1 விதி எளிமையானது. முக்கியமான கணக்குக்கு 3 பிரதிகள்; 2 வகைச் சாதனங்களில்; அதில் 1 வேறு இடத்தில். மேகத்தில் ஒன்று, கடைக் கணினியில் ஒன்று, மாதம் ஒருமுறை நகல் எடுத்து வீட்டில் வைக்கும் வன்தட்டு ஒன்று. நகல் எடுத்ததும் அந்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். இது போதும்.

சாவி யாரிடம்?

மேக நிறுவனம் கட்டடத்தையும் கணினியையும் காக்கும். கடவுச்சொல் நம் பொறுப்பு. வங்கிப் பெட்டகம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனால் வங்கி என்ன செய்யும்?

சிறு கடைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. கணினி தெரிந்த ஊழியர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலைக் கொண்டு கடைக்குக் கணக்குத் திறந்து கொடுப்பார். நல்லெண்ணத்தில்தான் செய்வார். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போகும்போது கடையின் முழுக் கணக்கும் அவர் பெயரில் இருக்கும். மனத்தாங்கலோடு பிரிந்தால், முதலாளி தன் கடைக் கணக்கைப் பார்க்கவே அடுத்தவரைக் கெஞ்ச வேண்டிய நிலை வரும். ஆகவே முதன்மைக் கணக்கு முதலாளியின் அல்லது நிறுவனத்தின் மின்னஞ்சலில்தான் திறக்கப்பட வேண்டும். ஊழியர்களுக்குத் தனித்தனிக் கணக்கு. அவரவர் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும். விலகும் நாளிலேயே அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும்.

கடவுச்சொல்லோடு கைப்பேசியிலும் உறுதிப்படுத்தும் இரண்டு படிப் பாதுகாப்பை இன்றே இயக்குங்கள். கைப்பேசிக்கு வரும் அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்தால் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவு பெரிய பாதிப்பை உண்டாக்கக்கூடியது என்றால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். "தரவு மேகத்தில்தான் இருந்தது" என்பதால் உங்கள் பொறுப்பு நீங்கிவிடாது.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

- இணையம் துண்டிக்கப்பட்டால் கல்லா ஓடுமா? தோட்டப்புறத்திலும் சிறுநகரத்திலும் இதுதான் முதல் கேள்வி. பிற்பாடு இணையம் வந்ததும் தானே ஏற்றிக்கொள்ளும் செயலிகள் உள்ளன.
- சேவையை நிறுத்தினால் என் தரவை எக்செல் போன்ற பொதுவான வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா? அதற்குத் தனிக் கட்டணமா?
- நிறுத்திய பிறகு தரவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? நான் 7 ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டுமே?
- தரவு எந்த நாட்டில் இருக்கிறது? நகல் எங்கே இருக்கிறது?
- கட்டணம் ரிங்கிட்டிலா, டாலரிலா? இரண்டாம் ஆண்டில் எவ்வளவு?
- சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்களா?

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதல் மாதம், முக்கியக் கோப்புகளின் நகலை மட்டும் மேகத்தில் ஏற்றுங்கள். கூகள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இடம் இலவசம். சிறு கடையின் பல ஆண்டுக் கணக்குத் தாள்களுக்கு அது தாராளம். அடுத்து, ஒரே ஒரு வேலையை, கல்லாவையோ கணக்கையோ, புதிய முறைக்கு மாற்றிப் பாருங்கள். மூன்று மாதம் பழைய குறிப்பேட்டையும் கூடவே எழுதி வாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த படி.

மாதத்தில் ஒரு நாள், ஏற்றி வைத்த நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருந்தும் இல்லாததே. அதோடு, கடவுச்சொல்லை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பது குடும்பத்தில் நம்பகமான ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தாத்தா காலத்தில் இரும்புப் பெட்டிச் சாவி எங்கே இருக்கிறதென்று பாட்டிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏற்பாடு இந்தப் பெட்டிக்கும் வேண்டும்.