சாணை கைக்கு வந்த கதை: சட்டம் பின்தொடராத ஒரு கருவி

சாணை பிடித்தல் மனிதர் கற்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆயினும் தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் நீராவி எந்திரத்துக்கு ஒதுக்கிய பக்கங்களில் சிறு பங்கைக்கூடச் சாணைக்கு ஒதுக்கியதில்லை. கட்டடப் பணியிடம், வெல்டிங் பட்டறை, தச்சுக்கூடம், சிற்பக்கூடம் என எங்கும் இன்று இரைந்துகொண்டிருக்கும் கையடக்க மின்சாணையை, அதாவது ‘ஆங்கிள் கிரைண்டரை’, வரலாற்று நோக்கில் அணுகுவதே இப்பதிவின் நோக்கம். என் வாதம் எளியது: சாணைச் சக்கரம் ஆலையின் தரையை விட்டுத் தொழிலாளியின் கைக்கு வந்தபோது, அதைக் கட்டுப்படுத்திய சட்டம் உடன் வரவில்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து தொடங்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ஏறத்தாழ 2,500 பேர் சாணைத் தொழிலில் இருந்தனர். அந்நகர மருத்துவர் நைட் தந்த விவரங்களை ஏங்கல்ஸ் 1845-இல் வெளியான தம் நூலில் எடுத்தாள்கிறார். முட்கரண்டிகளை உலர்ந்த கல்லில் தீட்டியவர்கள் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையே மாண்டனர். உணவு மேசைக் கத்திகளை நீர் விட்டுத் தீட்டியவர்கள் 40 முதல் 50 வயது வரை வாழ்ந்தனர். இவ்விரு சாராரையும் பிரித்தது பெரும்பாலும் தண்ணீர்தான். தூசியை இழுத்து வெளியேற்றும் சாதனங்கள் அப்போதே உருவாகியிருந்தன. ஆனால் தொழிலாளர்களே அவற்றை எதிர்த்தனர். சில இடங்களில் உடைக்கவும் செய்தனர். தொழிலின் ஆபத்து குறைந்தால் ஆட்கள் பெருகுவர், கூலி குறையும் என்பதே அவர்களது அச்சம். இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது; குறுகிய ஆயுளே கூலியைத் தாங்கி நின்ற ஒரு பொருளாதாரத்தில் அது ஒரு கணக்கு.

அடுத்த திருப்பம் உராய்பொருளில் நிகழ்ந்தது. 1891-இல் அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன், களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடேற்றிக் கடினமான படிகங்களைப் பெற்றார். அவை கார்பனும் கொரண்டமும் சேர்ந்தவை என்று தவறாகக் கருதி ‘கார்பரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. கொரண்டம் என்ற சொல்லோ நம் ‘குருந்தம்’ கடல் கடந்து பெற்ற வடிவம். இவ்வாறு செயற்கைச் சக்கரங்கள் மணற்கல்லின் இடத்தைப் பிடித்தன. அதனுடன் ஆபத்தின் இருப்பிடமும் மாறியது. முன்பு நோய் தந்த தூசி சாணைக்கல்லிலிருந்து வந்தது. இப்போது அது அறுக்கப்படும் கல்லிலிருந்தும் கான்கிரீட்டிலிருந்தும் வருகிறது.

1954-ஆம் ஆண்டு இரு நிகழ்வுகளால் குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் அக்கர்மான்–ஷ்மிட் நிறுவனம் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் வணிகப் பெயரான ‘ஃப்ளெக்ஸ்’ இன்றும் ஜெர்மன் பேச்சுவழக்கில் அக்கருவிக்கே பெயர். அதே ஆண்டில் அமெரிக்க, பிரிட்டானிய நிறுவனங்களின் கூட்டுடன் முருகப்பா குழுமம் சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சலை நிறுவியது.

இவற்றுக்கு ஆறாண்டுகள் முன்பே, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சாணையைப் பற்றித் தெளிவாகப் பேசியிருந்தது. ஒவ்வொரு சாணை எந்திரத்தின் அருகிலும், சக்கர விளிம்பின் பாதுகாப்பான உச்ச வேகத்தைக் குறிக்கும் அறிவிப்பு நிலையாக இருக்கவேண்டும் என்றது அதன் 30-ஆம் பிரிவு. சிலிக்கோசிஸ் நோயை அறிவிக்கப்படவேண்டிய நோய்களுள் ஒன்றாக அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வைத்தது. ஆனால் மின்விசை பயன்படும் இடத்தில் குறைந்தது 10 பேர் பணிபுரிந்தால்தான் அச்சட்டப்படி அது ‘தொழிற்சாலை’ ஆனது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை 20 ஆக உயர்த்தியது. ஆலைத் தரையில் பதித்த எந்திரத்தை மனத்தில் கொண்டு எழுதிய விதி, ஐந்து பேர் அமர்ந்து கல் செதுக்கும் கொட்டகையை எட்டுவதில்லை.

அந்த அறிவிப்புப் பலகை வெறும் சடங்கன்று. நான்கு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 11,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் செல்லும். பிசின் பிணைப்புச் சக்கரங்கள் பலவற்றின் உச்ச வரம்பு நொடிக்கு 80 மீட்டர். காப்பு மூடியைக் கழற்றிவிட்டு அதே கருவியில் ஏழு அங்குலச் சக்கரத்தை மாட்டினால் வேகம் 100 மீட்டரைத் தாண்டிவிடும். சக்கரத்தைப் பிய்க்க முயலும் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மூடியைக் கழற்றக்கூடாது, சக்கரத்தில் அச்சிட்ட வேகம் கருவியின் வேகத்துக்குக் குறையக்கூடாது, மெல்லிய அறுப்புச் சக்கரத்தின் பக்கவாட்டில் தேய்க்கக்கூடாது என்ற விதிகள் எல்லாம் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. புதுச் சக்கரத்தை மாட்டியதும் ஒரு நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு, அதன் சுழல்தளத்தை விட்டு விலகி நிற்கவேண்டும். இரு கைகளாலும் பற்றவேண்டும். சக்கரத்தை மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கவேண்டும். அறுக்கும் பிளவு நெருக்கிச் சக்கரத்தைக் கவ்வினால் கருவி உடலை நோக்கித் துள்ளும். எனவே பணிப்பொருளை இறுகப் பிணைத்து, பிளவு விரிந்தே இருக்குமாறு தாங்கல் கொடுக்கவேண்டும்.

தெறிக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்துக்கு ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்துப் பிண்ட்வாரா சான்று. நாட்டின் பல புதிய கோயில்களின் தூண்களும் தோரணங்களும் அங்கே செதுக்கப்படுகின்றன. உழைப்போரில் பழங்குடியினர் கணிசமானோர். உளியால் கொத்தும்போதும் தூசி எழும். ஆனால் அதில் பருஞ்சில்லுகளே மிகுதி. மின்சாணையோ மணற்கல்லின் படிகச் சிலிக்காவை நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளாக்கி, குறைந்த நேரத்தில் பெருமளவு காற்றில் கலக்கிறது. சிலிக்கோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து இல்லை. 2019-இல் ராஜஸ்தான் அரசு இந்நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நோய்ச் சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தபின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் உண்டு. இது வரவேற்கத்தக்கதே. எனினும் நுரையீரல் கெட்ட பிறகே கைக்கு வருவது உதவித்தொகை. கெடாமல் காப்பது தண்ணீரும் தூசி உறிஞ்சியும்தான்.

ஷெஃபீல்டு கற்பித்த தண்ணீர்ப் பாடத்தை மின்கருவிக்கு அப்படியே பொருத்தவும் இயலாது. நீர் ஊட்டுவதற்கென வடிவமைத்த கருவியும், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சாதனமும் இன்றி நீர் ஊற்றுவது உயிருக்கு உலை. அது இயலாத இடத்தில் சக்கரத்தைச் சூழ்ந்த உறையும் அதனோடு இணைந்த உறிஞ்சியும் தேவை. வாயில் கட்டும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் வடிகட்டி முகக்கவசமே தடுக்கும். மரம் தேய்க்கும் சாண்டருக்கும் இது பொருந்தும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. சாண்டரை அழுத்தினால் வேலை விரைவதில்லை. உப்புத்தாள் அடைபட்டுப் பரப்பில் வடு விழும். கருவியின் எடையையே அழுத்தமாக விட்டு, பருந்தாளிலிருந்து நுண்தாளுக்குப் படிப்படியாகச் செல்வதே முறை.

தொழிலாளர் வரலாறு எழுதும் நாம் பெரிதும் ஆலை ஆய்வாளர் அறிக்கைகளையே சான்றாகக் கொள்கிறோம். ஆய்வாளர் நுழையாத கொட்டகைகள் அந்த ஆவணங்களில் இல்லை. ஆகவே நம் நூல்களிலும் இல்லை. கருவி எங்கே செல்கிறதோ அங்கே சட்டமும் செல்ல வேண்டுமெனில், பாதுகாப்பின் அளவுகோல் தலைகளின் எண்ணிக்கையாக இருத்தலாகாது. எழும் தூசியாகவும் சுழலும் வேகமாகவும் இருத்தல் வேண்டும். அதற்கான சான்றுகளைக் கொட்டகைகளிலிருந்தும், நோய்ச் சான்றிதழ்களிலிருந்தும், கணவரை இழந்த பெண்களின் வாய்மொழியிலிருந்தும் திரட்டுவது நம் துறையின் கடன்.