புகை போகும் வழி: ஊர்காவற்றுறைப் படகு இயந்திரமும் பந்தயக் களத்துப் பரம்பரையும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை, தம்பாட்டி, மெலிஞ்சிமுனைக் கரைகளில் கட்டிக் கிடக்கும் கண்ணாடிநார்ப் படகுகளின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் இயந்திரத்தில் புகைக்குழாயைத் தேடினால் கிடைக்காது. எரிந்த புகை இயந்திரத்தின் நெடுங்காலுக்குள் இறங்கி, காத்தாடியின் குடத்தின் நடுவழியே நீருக்கடியில் வெளியேறுகிறது. சிலிண்டரில் தொடங்கிக் காத்தாடியில் முடியும் இந்த வழியைத் தீர்மானித்த முடிவுகளில் பல, பந்தயத்திலும் பொழுதுபோக்குப் படகோட்டத்திலும் பிறந்தவை. அவை முதலில் தேடியது வேகத்தையும் எடைக் குறைவையும். எரிபொருள் சிக்கனம் வரிசையின் கடைசியில் நின்றது. தீவகத்தின் சிறு கடற்றொழில் இயந்திரத்தை வாங்கியபோது அந்த வரிசையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பாய்க்கப்பல் காலத்தில் ஊர்காவற்றுறை பெருந்துறை. எதிரே கடலுக்குள் ஹம்மன்ஹீல் கோட்டை, அதற்கப்பால் காரைநகர். ஆனால் இந்தக் கடலின் பெரும்பகுதி ஆழமற்றது. களங்கண்டி வலை கட்டும் இடங்களில் மரக்கோல் தாங்கித்தான் வள்ளம் போகும். 1950களின் இறுதியில் இலங்கை அரசு மூன்றரைத் தொன் டீசல் படகுகளைப் பரப்பத் தொடங்கியது. உடலுக்குள் இயந்திரமும் அடியில் நிலையான காத்தாடியும் கொண்ட அவை ஆழக்கடலுக்குப் பொருந்தின. தீவகத்தின் பரவைக்கடலுக்குப் பொருந்தவில்லை. தரை தட்டும் இடத்தில் தூக்கிவிடக்கூடிய இயந்திரமே இங்கே தேவைப்பட்டது. 1967இல் நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் கண்ணாடிநார்ப் படகுகளைக் கட்ட ஆரம்பித்த பிறகு, இலேசான உடலும் வெளியே மாட்டும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று துணையாயின. இன்று கடற்றொழில் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களில் இந்தச் சோடி ஒரு தனி வகுப்பு.

வெளியிணைப்பு இயந்திரத்தை வணிகப் பொருளாக்கியவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட். அவரது நிறுவனம் 1909இல் தோன்றியது. தொடக்ககால இயந்திரங்கள் நீர்மட்டத்தை ஒட்டியே புகையைத் துப்பின. சத்தமும் புகையும் படகோட்டியின் முகத்திலேயே அடித்தன. பந்தயக்காரர்களுக்கு அது பொருட்டில்லை. நீருக்குள் புகையைத் தள்ளுவதற்கும் வலு செலவாகும் என்பதால், அவர்கள் திறந்த குழாய்களைக் காற்றில் நீட்டிக்கொண்டு ஓடினார்கள். சத்தமும் வேண்டாம், வலு இழப்பும் வேண்டாம் என்ற இரட்டைக் கோரிக்கைக்கு 1960களில் மெர்க்குரி நிறுவனம் பரவலாக்கிய விடைதான் காத்தாடிக் குடத்தின் வழியே புகைவிடுதல்.

அதன் செயல்முறை நுட்பமானது. படகு ஓடும்போது நீர் குடத்தைச் சுற்றிப் பின்னோக்கி விரைகிறது. குடத்தின் பின்முனையில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறை அழுத்தம் புகையை இழுத்தெடுக்கிறது. நின்ற நிலையில் இந்த உதவி இல்லை. அப்போது குழாயில் நிற்கும் நீரைப் புகையே தள்ள வேண்டும். அதனால்தான் நீர்மட்டத்துக்கு மேலே சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள். இயந்திரம் மெல்ல ஓடும்போது கரகரவென்று புகை வருவது அதன் வழியேதான். பின்னோக்கி ஓட்டினால் நிலைமை தலைகீழாகும். தான் விட்ட புகைக்குமிழிகளையே காத்தாடி அடிப்பதால் அதற்குப் பிடிமானம் போய்விடும். இயந்திரத்தைத் தூக்கி வைத்து ஆழம் குறைந்த இடத்தைக் கடக்கும்போதும் இதே தொல்லை: குடம் நீர்மட்டத்துக்கு அருகே வருகிறது, காற்று புகுகிறது, இயந்திரம் அலறுகிறது, படகு நகர்வதில்லை.

எரிபொருள் கணக்கின் உண்மையான இடம் இன்னும் மேலே, சிலிண்டருக்குள் இருக்கிறது. தீவகத்தில் பெரும்பாலும் வழங்குவது ஈரடிப்பு இயந்திரம். அதில் புகைவாயை மூட வால்வு கிடையாது. ஏறி இறங்கும் உந்துதண்டே கதவு. புதிய எரிபொருட் கலவை உள்ளே வரும் நேரத்தில் புகைவாயும் திறந்தே இருப்பதால், எரியாத கலவையில் ஒரு பகுதி நேராக வெளியே ஓடிவிடுகிறது. முழு வேகத்தில் இந்த இழப்பு நான்கில் ஒரு பங்கை எட்டக்கூடும். கடையில் வாங்கிய நான்கு போத்தலில் ஒன்றைக் கடலில் ஊற்றுவதற்கு இது நிகர்.

இந்த ஓட்டையை அடைக்கும் வழியைக் கண்டவர்கள் பந்தயக்காரர்களே. கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வால்ட்டர் காடன் 1950களில் செய்த வேலை இத்துறையில் ஒரு திருப்பம். வெளியேறும் புகை ஒரு அழுத்த அலையாகப் பயணிக்கிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பிச் சிலிண்டரைத் துப்புரவாக்குகிறது. பிறகு குழாய் ஒடுங்கும் இடத்தில் மோதித் தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே தப்பிய கலவையைப் புகைவாய் மூடுவதற்கு ஒரு கணம் முன்பு உள்ளே அடைத்துவிடுகிறது. உலோகக் கதவு செய்ய வேண்டியதை ஒலி அலை செய்தது. 1961இல் காடனின் 125 சிசி இயந்திரம் 25 குதிரைவலு கொடுத்தது: லீற்றருக்கு 200. அதே ஆண்டு செப்டெம்பரில் அவரது ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பிச் சென்று யப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த அறிவும் அவருடன் போனது. 1962இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது, ஓட்டியவர் டெக்னரே. யமஹா 1960இலும் சுசுகி 1965இலும் வெளியிணைப்பு இயந்திரச் சந்தைக்குள் நுழைந்தன. தீவகத்துக் கரைகளில் இன்றும் கேட்கும் பெயர்கள் இவையே.

ஆனால் காடனின் குழாய் நெடியது, வயிறு பருத்தது. அது ஒரு குறுகிய சுழற்சி வேக எல்லைக்குள் மட்டுமே சரியாக வேலை செய்யும். ஒடுங்கிய இயந்திரக் காலுக்குள் அதை முழுமையாக அடக்க முடியாது. குளிர்விக்கும் நீரும் அங்கேதான் புகையோடு கலக்கிறது. ஆகவே சிறு வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு ஈரடிப்பின் எளிமையும் எடைக் குறைவும் கிடைத்தன. அதன் குறையைத் திருத்திய பந்தயக் குழாய் கிடைக்கவில்லை. நோய் வந்தது, மருந்து வரவில்லை. விளையாட்டுக்காக வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு இது சிறு விடயம். விடியற்காலையில் நண்டு வலை இழுக்க நாளாந்தம் போகிறவருக்கு அப்படியல்ல.

இதன் மேல் மண்ணெண்ணெய் வந்து சேர்ந்தது. வறிய நாடுகளின் கடற்றொழிலுக்கென்று யப்பானிய நிறுவனங்கள் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களைத் தனியாகச் செய்தன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அழுத்தினால் முன்கூட்டியே வெடிக்கும். எனவே அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் திறனும் குறைந்தது. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை சேரும் முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கிளம்பாது. புகைவாயில் கரி படியும். படியப் படிய வழி ஒடுங்கி, வலு இன்னும் குறையும். பொறியியல் பார்வையில் இது ஒரு மோசமான சமரசம். மானியம் பெற்ற மண்ணெண்ணெயின் மலிவு விலைதான் அதை நியாயப்படுத்தியது.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது, தரையிலும் இதே உத்தி பரவியது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அதே ஆண்டு ஊர்காவற்றுறை இராணுவத்தின் கைக்குப் போக, மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தார்கள். வடகடலில் எஞ்சிய தொழிலுக்கு நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, இயந்திர வலுவுக்கும் கட்டுப்பாடு. சிக்கனத்தைப் பற்றிய பேச்சு அக்காலத்தில் வேறு பொருள் கொண்டது.

புகைவழியைப் பந்தயம் எப்படிக் கையாண்டது என்பதைக் கார்ப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் வரிசையின் தன்மை தெளிவாகும். போர்முலா 1இல் 1983ஆம் ஆண்டு தட்டையான அடிப்பகுதி கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு ரெனோவின் ஆர்.இ.40 கார், புகையை அடிப்பகுதியின் பின்புறச் சரிவுக்குள் ஊதி, அங்கே காற்றோட்டத்தை விரைவுபடுத்தித் தரையோடு ஒட்டிக்கொண்டது. படகில் நீரோட்டம் புகைக்கு உதவுகிறது. காரில் புகை காற்றோட்டத்துக்கு உதவியது. ஒரு குறை: ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்ததும் புகை குறையும், பிடிப்பும் போகும், அதுவும் வளைவுக்குள் நுழையும் நேரத்தில். 1998இல் பெராரி குழாய்களை மேல்நோக்கித் திருப்ப, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2010இல் ஏட்ரியன் நியூவியின் ரெட் புல் கார் புகையை மறுபடி கீழே கொண்டுவந்தது. பழைய குறைக்கு அடுத்த பருவத்தில் கணினி வழி விடை கிடைத்தது: கால் எடுத்த பின்னும் எரிபொருளைச் செலுத்திக் குழாய்க்குள் எரிய வைப்பது. காரை நகர்த்த அல்ல, ஊதுவதற்காகவே எரிபொருள் எரிந்தது. 2011 சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் இதைக் கட்டுப்படுத்தி, அடுத்த பந்தயத்துக்குள் தளர்த்தினார்கள். 2012இல் புகைவாயின் இடத்தையே விதி நிர்ணயித்தது. தமிழ்நாட்டு ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் 2011இல் ஓட்டிய எச்.ஆர்.டி அணி, மெல்பேர்ண் பந்தயத்துக்குத் தகுதி பெறவே முடியாமல் நின்றது. செல்வந்த அணிகளின் புகை வித்தை அவர் பக்கம் வரவில்லை.

சிக்கனம் பந்தயத்துக்குள் வந்தது வற்புறுத்தலால். 2014இல் ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள்தான் என்று விதி வந்ததும், புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியைப் பொருத்தினார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் தன் இயந்திரம் சோதனைக்கூடத்தில் 50 வீத வெப்பத்திறனைத் தாண்டியதாக மெர்சிடிஸ் அறிவித்தது. அறிவு அதற்கு முன்னும் இருந்தது. எல்லை வகுத்தபோதுதான் அது பயன்பட்டது.

சிறு படகுக்கு அப்படி எல்லை வகுத்தவர் யாரும் இல்லை. ஆலோசனை இருந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் நோர்வேப் படகுப் பொறியியலாளர் ஒய்விண்ட் குல்பிரான்ட்சென் 1980களில் சிறு படகுகளின் எரிபொருட் செலவை ஆராய்ந்தார். அவர் வலியுறுத்தியவை எளியவை: வேகத்தைக் குறை, மெதுவாகச் சுழலும் பெரிய காத்தாடியைப் பூட்டு, இயன்ற இடத்தில் டீசலுக்கு மாறு. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் 18 அடிப் படகு ஐந்தரைக் கடல்மைல் வேகத்தைத் தாண்ட முயன்றால் தன் அணியம் எழுப்பும் அலையின் மேல் தானே ஏற வேண்டிவரும். அங்கிருந்து ஒவ்வொரு சிறு வேகத்துக்கும் எரிபொருள் பல மடங்கு போகும். ஒரு குதிரைவலுவை ஒரு மணி நேரம் தர டீசலுக்குக் கால் லீற்றர் போதும். மண்ணெண்ணெய் ஈரடிப்புக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். ஆலோசனை சரி. ஆனால் ஆழமற்ற கடலில் டீசல் காத்தாடி எங்கே நிற்கும் என்ற தீவகத்தின் கேள்விக்கு அதில் முழு விடை இல்லை.

எல்லையை வகுத்தது விலைதான். 2018 மே மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 44 ரூபாவிலிருந்து 101 ரூபாவாக ஏறி, எதிர்ப்பின் பின் 70க்கு இறங்கியது. 2021 இறுதியில் மண்ணெண்ணெய் 87, பெற்றோல் 177: விலை பாதிக்கும் கீழே. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது. அப்போது பெற்றோல் 450. ஒரு பயணத்துக்கு 20 லீற்றர் என்று வைத்தால், 1,740 ரூபாச் செலவு 6,800 ஆனது. இதைவிட முக்கியமானது விகித மாற்றம். மண்ணெண்ணெயின் விலை பெற்றோலின் முக்காற் பங்கை எட்டிவிட்டால், கால் பங்குக்கு மேல் குறைவாகக் குடிக்கும் எந்தப் பெற்றோல் இயந்திரமும் செலவில் அதை முந்திவிடும். புகைவாயை வால்வினால் மூடும் நான்கடிப்பு இயந்திரம் பழைய ஈரடிப்பைவிட மூன்றில் ஒரு பங்களவு மிச்சம் பிடிப்பது வழக்கம். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு இருந்த ஒரே நியாயம் அந்த இரவில் ஏறக்குறைய முடிந்துபோனது.

இருந்தும் நான்கடிப்பு எடை கூடியது, விலை கூடியது. ஊர்க் கம்மாலையில் ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பூட்டிவிடக் கூடியதுமல்ல. ஈரடிப்பிலேயே புகைவாய் மூடிய பின் எரிபொருளைப் பீச்சி ஓட்டையை அடைத்த இயந்திரங்களை எவின்ரூட் 2003இல் கொண்டுவந்தது. அவை பெற்றோலுக்கானவை, கணினி பூட்டியவை, தீவகத்தின் சந்தைக்குச் செய்யப்பட்டவையல்ல. 2020 மே மாதத்தில் எவின்ரூட்டைச் சொந்தமாக வைத்திருந்த நிறுவனம் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இப்போதைக்குத் தீவகத்துத் தொழிலாளியின் கையில் மிஞ்சியிருப்பவை மூன்று: கரியைச் சுரண்டித் துப்புரவாக வைத்த புகைவாய், படகின் பாரத்துக்குப் பொருந்திய காத்தாடி, முழுதாகத் திருகாத கைப்பிடி.