கலப்புச் சண்டையில் வேற்று மரபுப் பிடிகள்

குத்து, உதை, மல்யுத்தம் மூன்றுக்கும் இடமளிக்கும் எம்.எம்.ஏ. எனும் கலப்புச் சண்டையில், எதிராளி பழகியிராத பிடியே பலமுறை வெற்றியைத் தீர்மானித்திருக்கிறது. ஒவ்வொரு மல்யுத்த மரபும் தன் விதிகளுக்கேற்பவே உடலைப் பழக்குவது இதற்குக் காரணம். குஸ்தியில் எதிராளியை மல்லாத்தித் தோள்களை மண்ணில் பதித்தால் வெற்றி. பிரேசில் ஜுஜுட்சுவிலோ மல்லாந்து கிடந்தபடியே கால்களால் வளைத்து, மூட்டைப் பூட்டி வெல்லலாம்.

மற்போரில் கால்களின் வேலையைப் புறநானூற்றின் 80ஆம் பாடலே காட்டுகிறது. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஒரு காலை மடித்து ஆமூர் மல்லனின் மார்பில் ஊன்றுகிறான்; மறு காலால் அவனது உபாயத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறான். நீலகிரிக்கு வடக்கே மைசூரில் ஜெட்டி மல்லர்கள் விரல்களில் முள்கருவி அணிந்து மோதும் வஜ்ரமுட்டி, அடியையும் பிடியையும் இணைத்த பழைய கலை. தசரா விழாவில் ஒருவர் தலையில் ரத்தம் கசிந்ததும் போட்டி முடிகிறது.

1951இல் ரியோ டி ஜெனீரோவில் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசில் ஜுஜுட்சு வீரர் எலியோ கிரேசியின் கையை முறுக்கி முறித்தார். அந்தத் தோள்பூட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1993இல் யு.எஃப்.சி. எனும் கலப்புச் சண்டைத் தொடரின் முதல் போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ், வீரர்கள் மூவரை ஒரே இரவில் வென்றார். 2000இல் அவரையே 90 நிமிடப் போராட்டத்துக்குப் பின் கசூஷி சகுராபா வென்றார். சகுராபா கற்றிருந்தது இங்கிலாந்தின் விகன் நகர மரபில் வந்த 'கேட்ச்' மல்யுத்தம்.

2004 டிசம்பர் 31 அன்று ஒரு கலப்புச் சண்டையில் ரியோ சோனன், எதிராளி ஆண்டர்சன் சில்வாவை நோக்கிப் பக்கவாட்டில் பாய்ந்தார். ஒரு கால் சில்வாவின் இடுப்புக்கு முன்னும் மறு கால் முழங்காலுக்குப் பின்னும் கத்தரிபோல் மாட்டின. சில்வா பின்னால் சரிந்ததும் சோனன் அவரது குதிகாலை முறுக்கி வென்றார். காலை முறிக்கும் ஆபத்துள்ள இந்தக் கத்தரி வீழ்த்தலுக்கு ஜூடோ போட்டிகளில் தடை உண்டு.

இந்தியாவில், 2016 காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கம் வென்ற ரிது போகாட், 2019இல் கலப்புச் சண்டைக்கு வந்தார். எதிராளியைத் தரையில் வீழ்த்தி மேலிருந்து குத்தும் முறை அவருக்குத் தொடர் வெற்றிகளைத் தந்தது. ஆனால் 2021இல் ஒரு தொடரின் இறுதிப் போட்டியில் தாய்லாந்துக் குத்துவீரர் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ் அவரைக் கைப்பூட்டில் வென்றார். குத்துவீரர்களும் பூட்டுகளைக் கற்றுவிட்ட நிலையில், ஒரே மரபை நம்பி நிற்பவருக்கு அந்தப் பழைய அனுகூலம் இல்லை.