திரவ வண்ணப்பிரிகையில் மின்புலக் கலப்பு

திரவ வண்ணப்பிரிகை என்பது கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரிக்கும் முறை. பிரிக்கும் கருவிக்குள் கலக்குவதற்கு என்ன வேலை? விடை ஓட்டத்தின் இயல்பில் உள்ளது. தலைமுடி அளவே அகலமுள்ள நுண்கால்வாயில் திரவம் வரிச்சீராக ஓடுகிறது. நடுவில் விரைவு, சுவரோரம் மந்தம். எனவே ஒன்றாகப் புறப்பட்ட பொருள் நீண்ட பட்டையாக விரிந்து, அடுத்த பொருளின் பட்டையோடு சேர்ந்துவிடும். இவ்வாறு விரிவதை 1953-இல் இங்கிலாந்தின் ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் கணக்கிட்டுக் காட்டினார்.

தீர்வின் வேர் இன்னும் பழையது. மாஸ்கோவில் ஃபெர்டினாண்ட் ஃபிரீட்ரிக் ராய்ஸ், ஈரக் களிமண்ணில் மின்சாரம் செலுத்தியபோது நீர் எதிர்மின்வாய்ப் பக்கம் நகர்வதைக் கண்டு 1809-இல் வெளியிட்டார். இது மின்னாற் சவ்வூடு பரவல் எனப் பெயர் பெற்றது. 1974-இல் தென்னாப்பிரிக்காவின் விக்டர் பிரிட்டோரியஸ் குழுவினர், வண்ணப்பிரிகையில் திரவத்தைக் குழாய் நெடுகச் செலுத்த இதைப் பயன்படுத்தினர்.

2020-இல் நெதர்லாந்து, பெல்ஜிய ஆய்வாளர்கள் இதைக் குறுக்காகத் திருப்பினர். கால்வாயோர மின்முனைகளுக்கு மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்ததும் சிறு சுழல்கள் எழுந்தன. நடுத் திரவமும் ஓரத் திரவமும் இடம் மாறின. பட்டை விரிவது குறைந்தது. பட்டை குறுகினால்தான் அடுத்தடுத்த பொருள்கள் தனித்தனியே வெளிவரும். பிரிப்பதற்காகவே இங்கே கலக்குகிறார்கள்.