கரும்பு வழியில் ஒரு கேரட்

இடுக்கி மாவட்டத்துக் காந்தலூரில் பிடுங்கிய கேரட் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கு நேர்வழியில் வருவதென்றால், நடுவில் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். காந்தலூரிலிருந்து மறையூருக்கு இறக்கம். சின்னாறு காட்டைத் தாண்டினால் உடுமலை, பிறகு பொள்ளாச்சி. கோபாலபுரம் சோதனைச்சாவடியில் மறுபடி கேரளம் தொடங்கும். கொழிஞ்சாம்பாறை வந்தால் சித்தூர் பக்கம்தான். புறப்படும் ஊரும் வந்து சேரும் ஊரும் கேரளம். ஆனால் இரண்டு பக்கமும் பல வீடுகளில் பேச்சு தமிழ்.

இந்த வழியின் இரு முனையிலும் கரும்புக் கதை உண்டு. மறையூரில் இன்றும் ஆலைக் கொட்டகைகளில் பாகு காய்ச்சி வெல்லம் உருட்டுகிறார்கள். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சித்தூர்ப் பக்கம் மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஆலை மூடியபின் அந்த வளாகம் மலபார் டிஸ்டிலரீஸ் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் பேர்போன இந்த வழியில் வரும் கேரட், தன் சொந்த இனிப்போடு ஒரு குழந்தையின் கிண்ணத்துக்குப் போய்ச் சேர முடியுமா?

கேரட்டின் பூர்வீகம் ஆப்கானிஸ்தானும் ஈரானும் சேர்ந்த பகுதி. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பயிரானவை ஊதாவும் மஞ்சளும். மேற்கே போன கேரட் ஐரோப்பாவில், முக்கியமாக நெதர்லாந்தில், 17-ஆம் நூற்றாண்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் நிலைபெற்றது. வட இந்தியாவிலோ குளிர்காலத்துச் சிவப்புக் கேரட் வேரூன்றியது; பாலில் சுண்டவைக்கும் கேரட் அல்வா அந்தச் சிவப்புக் கேரட்டின் பண்டம்.

நம் மலைக்கு வந்தது ஆரஞ்சு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் குடியமர்ந்து ஐரோப்பியக் காய்களைப் பயிரிட வைத்தார். ‘இங்கிலீஷ் காய்’ என்று அடையாளம் ஒட்டிய கேரட்டைச் சமையலறை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பாலக்காட்டு அக்ரஹாரங்களில் திதிச் சமையலுக்கு இன்றும் அது விலக்கு. ஆனால் அன்றாடப் பொரியலிலும் கல்யாணப் பந்தி அல்வாவிலும் இடம் பிடித்துவிட்டது.

மலையில் அதற்குக் கிடைப்பது குளிர். விதைத்து மூன்று, நான்கு மாதத்தில் கிழங்கு பருக்கும். குளிரில் வளர்ந்தால் இனிப்பு தூக்கலாக இருக்கும். வெயிலில் வளர்ந்தால் காரலும் கசப்பும் தலைதூக்கும். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே விளக்கு வெளிச்சத்தில் பிடுங்கி, இலையை நறுக்கிக் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றுவார்கள். இலையோடு விட்டால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சித்தூர்ச் சந்தைகளில் கிடப்பது நீலகிரிக் கேரட்டாகவும் இருக்கலாம், காந்தலூர், வட்டவடைக் கேரட்டாகவும் இருக்கலாம். பார்த்து வாங்க முதல் விதி: வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். தோள்பட்டை பச்சையாக இருந்தால் கசக்கும். ரொம்பப் பருத்ததில் நடுத்தண்டு சக்கையாக இருக்கும்.

இவ்வளவு தூரம் பத்திரமாக வரும் இனிப்பு கடைசி அரை மணி நேரத்தில், அடுப்படியில் காணாமல் போகிறது. அல்வா கிளறும்போது அரைக் கிலோ கேரட்டுக்கு 150 முதல் 200 கிராம் சர்க்கரை கொட்டுவது வழக்கம். 200 கிராமை எட்டுக் கிண்ணமாகப் பகிர்ந்தால் ஒரு கிண்ணத்துக்கு 25 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதும் உண்ணும் சக்தியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். நாளொன்றுக்கு 1,300 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு 5 சதவீதம் என்றால் சுமார் 16 கிராம், நான்கு தேக்கரண்டி. ஒரு கிண்ணம் அல்வாவே அதைத் தாண்டிவிடுகிறது.

சர்க்கரைக்குப் பதில் மறையூர் வெல்லம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மணம் கூடும், கணக்கு மாறாது. வெல்லமும் தேனும் சேர்க்கும் சர்க்கரை வகையில்தான் வரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது.

கேரட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் சர்க்கரை இயற்கையாகவே உண்டு. மற்றதில் பெரும்பங்கு நீர். நீர் வற்ற வற்ற இனிப்பு நாக்குக்குத் தெரியும். பாலின் சர்க்கரையும் அப்படியே. ஆக, சர்க்கரையின் இடத்தை நிரப்ப வேண்டியது பொறுமையும் சின்னத் தீயும்.

அரைக் கிலோ கேரட்டைச் சன்னமாகத் துருவுங்கள். அடிகனமான உருளியில் இரண்டு தேக்கரண்டி நெய்விட்டு, பச்சை வாசனை போகும்வரை வதக்குங்கள். அரை லிட்டர் பால் ஊற்றிச் சின்னத் தீயில், அடிபிடிக்காமல் கிளறிச் சுண்டவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பால் வற்றித் துருவல் சேர்ந்து வரும்போது ஏலக்காய்ப் பொடியும், நன்றாகப் பொடித்த முந்திரியும் போட்டு இறக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முந்திரியை முழுதாகப் போட வேண்டாம், தொண்டையில் சிக்கும். நெய்யைப் பயந்து விட்டுவிடாதீர்கள். கேரட்டின் பீட்டா கரோட்டின் உடலில் சேர்ந்து வைட்டமின் ஏ ஆவதற்குக் கொழுப்பு வேண்டும்.

ஆறு கிண்ணமாகப் பகிர்ந்தால் ஒன்றில் சுமார் எட்டு கிராம் சர்க்கரை இருக்கும். அத்தனையும் காயும் பாலும் கொடுத்தது. போதவில்லை என்றால் நாலைந்து பேரீச்சம்பழத்தைப் பாலில் ஊறவைத்து அரைத்துக் கடைசியில் சேர்க்கலாம். ஆனால் பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அள்ளிப் போட்டுவிட்டு ‘சர்க்கரை இல்லாத அல்வா’ என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பேரீச்சை பல்லில் ஒட்டும் என்பதால், தின்றதும் பிள்ளை வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஊரும் இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன் பள்ளிகளில் சர்க்கரை விவரப் பலகை வைக்கச் சொன்னது. அடுத்த மாதம் கேரள அரசு சர்க்கரையும் உப்பும் குறைத்த புது உணவுப் பட்டியலை அங்கன்வாடிகளுக்கு அறிவித்தது. மலைக் கேரட் பக்கத்திலேயே கிடைக்கும் சித்தூர் தாலுகா அங்கன்வாடிகளில் வாரம் ஒரு நாள் இந்த அல்வாவை வைத்துப் பார்க்கலாம்.

வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஏற்கெனவே கடை அல்வா ருசி கண்ட பிள்ளைக்கு முதல் நாளே சர்க்கரையை நிறுத்தாதீர்கள், முகம் சுளிக்கும். இந்த முறை பாதி, அடுத்த முறை அதிலும் பாதி, பிறகு சர்க்கரை டப்பாவைத் திறக்காதீர்கள். இன்னும் சர்க்கரை ருசியே அறியாத குழந்தைக்கு இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், கேரட்டே போதும்.